டர்பைன் ஷ்ரவுடுக்கான செராமிக் கூட்டுப்பொருள்: ஓசூர் பட்டறைகள் எந்தக் கட்டத்தில் நுழையலாம்?

ஓசூர் டூல்ரூம்:

வணக்கம். ஓசூர் சிப்காட்டில் வைரச் சக்கரக் கிரைண்டிங் செய்யும் சிறிய டூல்ரூம் எங்களுடையது. டங்ஸ்டன் கார்பைடு டை, அலுமினா சீல் வளையம் போன்றவற்றின் மேற்பரப்பை முடித்துக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கமான வேலை. அண்மையில் பெங்களூருவிலிருந்து ஒரு வாடிக்கையாளர், சிலிக்கான் கார்பைடு பிணைபொருளுக்குள் (இழைகளைச் சுற்றி நிரம்பி அவற்றைப் பிணைக்கும் பொருள்) சிலிக்கான் கார்பைடு இழைகளே பொதிந்த தகடுகளை ஷ்ரவுடு துண்டின் வடிவத்திற்கு முடித்துத் தர முடியுமா என்று கேட்டு, வரைபடத்தோடு கொட்டேஷன் கோரியிருக்கிறார். அதிலுள்ள டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதிக்கும் வேறுபாடு, எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் கூடவே வந்த நிபந்தனைகள்தான் வியப்பாக இருக்கின்றன. கூலன்ட் கலக்கும் தண்ணீரின் பரிசோதனை அறிக்கை வேண்டுமாம். முடித்தபின் உலர்த்தும் முறையை எழுதித் தர வேண்டுமாம். ஒவ்வொரு துண்டும் எந்தத் தகட்டின் எந்த மூலையிலிருந்து வந்தது என்ற பதிவும் வேண்டுமாம். கடினமான பொருளை அறுத்துத் தேய்க்கும் வேலைக்கு இத்தனை கெடுபிடி ஏன்? இத்தொழிலில் நம் மாவட்டத்துப் பட்டறைகள் எதுவரை போக முடியும் என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றாயிருக்கும்.

தேன்கனிக்கோட்டையான்:

பல ஆண்டுகளாக இந்தப் பொருளோடு ஆய்வகத்தில் உழன்று வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் வெட்டும் ஒவ்வொரு முகமும் அந்தப் பாகத்தின் ஆயுளில் கை வைக்கிறது. வாடிக்கையாளரின் கெடுபிடிக்குக் காரணம் அதுதான். அதைப் புரிந்துகொள்ள, பொருளின் உள்ளமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

ஷ்ரவுடு என்பது விமான எஞ்சினின் உயர் அழுத்த டர்பைனின் சுழல் தகடுகளுக்கு வெளியே, அவற்றின் நுனியைத் தொட்டும் தொடாமலும் சுற்றி நிற்கும் வளையத்தின் ஒரு துண்டு. இதற்கு வழக்கமாகப் பயன்படும் நிக்கல் உலோகக் கலவையான சூப்பர்அலாய் ஏறத்தாழ 1,350 பாகை செல்சியஸுக்கு அருகில் உருகத் தொடங்கிவிடும். ஆகவே கம்ப்ரஸரிலிருந்து காற்றைத் திருப்பிவிட்டு அதை ஓயாமல் குளிரூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படித் திருப்பும் காற்று எரிபொருள் செலவழித்து அழுத்தப்பட்ட காற்று. சிலிக்கான் கார்பைடு கூட்டுப்பொருள் 1,300 பாகை வரை தாங்கும். எடையோ நிக்கல் கலவையில் மூன்றில் ஒரு பங்குதான். 2016இல் பயணிகள் சேவைக்கு வந்த லீப் எஞ்சினில் முதல் கட்ட ஷ்ரவுடு இந்தப் பொருளால் ஆனது. பெங்களூருவிலிருந்து புறப்படும் ஏ320 நியோ விமானங்கள் சிலவற்றிலும், 737 மேக்ஸ் விமானங்கள் எல்லாவற்றிலும் இருப்பது அந்த எஞ்சின்தான். ஆகவே இதை ஆய்வகச் சரக்கு என்று எண்ண வேண்டாம். 2020இல் சான்று பெற்ற ஜிஇ9எக்ஸ் எஞ்சினில் எரியறையின் உள், வெளி உறைகளும், முதல் இரண்டு கட்ட நாசில்களும் (வாயுவைத் திருப்பிவிடும் நிலைத்த தகடுகள்) இப்பொருளுக்கு மாறிவிட்டன.

இனி உள்ளமைப்பு. 1975இல் ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் செய்ஷி யாஜிமா, பாலிகார்போசிலேன் என்ற பாலிமரை இழையாக இழுத்து, அதைச் சுட்டுச் சிலிக்கான் கார்பைடு இழையாக்கும் வழியைக் காட்டினார். இன்றைய இழைகள் அந்த வழியில் வந்தவையே. ஓர் இழையின் விட்டம் ஏறத்தாழ 12 மைக்ரான். தருமபுரி அங்காடிக்கு வரும் பட்டுக்கூட்டிலிருந்து பிரியும் ஒற்றை இழையைவிடவும் மெலிந்தது. ஐந்நூறு இழைகள் சேர்ந்தது ஒரு டோ. விலை கிலோவுக்குப் பல ஆயிரம் டாலர். இந்த இழையை அப்படியே பிணைபொருளில் புதைத்தால் இரண்டும் ஒரே பொருளாதலால் இறுக ஒட்டிக்கொள்ளும்; ஒரு விரிசல் கிளம்பினால் இழையையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் ஒவ்வோர் இழையின் மேலும் ஏறத்தாழ அரை மைக்ரான் முதல் ஒரு மைக்ரான் வரை போரான் நைட்ரைடு பூசுகிறார்கள். விரிசல் அந்தப் பூச்சை எட்டியதும் பக்கவாட்டில் திரும்பிவிடும். இழை அறுபடாமல் நழுவி, விரிசலின் இரு கரைகளையும் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அந்தப் பூச்சுக்கு ஆக்சிஜனும் நீராவியும் ஆகா. 700 முதல் 900 பாகை வரையுள்ள வெப்பத்தில் அது ஆக்சைடாக மாறுகிறது. ஈரம் இருந்தால் அந்த ஆக்சைடும் ஆவியாகிப் போய்விடுகிறது. பூச்சு போன இடத்தில் சிலிக்கானின் ஆக்சைடான சிலிக்கா நிரம்பி, இழையைப் பிணைபொருளோடு ஒட்ட வைத்துவிடும். பொருள் மீண்டும் வெறும் பீங்கானாகி நொறுங்கும். முழுத் தகட்டில் இழைகளின் முனைகள் உள்ளே மூடியிருக்கின்றன. உங்கள் சக்கரம் ஒரு முகத்தை வெட்டும்போது ஆயிரக்கணக்கான இழைமுனைகள் வெளியே திறந்துகொள்கின்றன. ஒவ்வொரு முனையைச் சுற்றியும் அந்த மெல்லிய பூச்சு ஒரு வாசலைப் போல நிற்கிறது.

பர்கூர் மாணவி:

அரசு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் படிக்கிறேன். ஐயா, ஓர் ஐயம். சிலிக்கான் கார்பைடே அந்த வெப்பத்தைத் தாங்குமென்றால் இழையும் பூச்சும் இல்லாமல் ஒரே கட்டியாகச் செய்துவிட்டால் என்ன? பம்ப் சீல் வளையங்கள் அப்படித்தானே செய்யப்படுகின்றன?

தேன்கனிக்கோட்டையான்:

நல்ல கேள்வி, அம்மா. ஒரே கட்டியாகச் செய்த டர்பைன் பாகங்களை ஓட்டிப் பார்க்கும் முயற்சிகள் 1970, 80களிலேயே நடந்தன. கட்டிப் பீங்கானின் வலிமையை அதிலுள்ள மிகப் பெரிய குறை ஒன்றே தீர்மானிக்கிறது. மணலளவு துளை ஒன்று, அல்லது பறந்து வந்த உலோகத் துகளின் ஓர் அடி போதும். முன்னறிவிப்பு ஏதுமின்றி முழுவதும் உடைந்து, பின்னாலிருக்கும் கட்டங்களையும் நாசமாக்கும். கூட்டுப்பொருளில் முதல் விரிசலுக்குப் பின்னும் இழைகள் சுமையை ஏற்கின்றன. வடிவமைப்பாளர் அந்த முதல் விரிசல் மட்டத்திற்குக் கீழேயே சுமையை நிறுத்துகிறார். அதற்கு மேலுள்ளது அவருடைய காப்பு. சீல் வளையம் உடைந்தால் பம்ப் ஒழுகும். இங்கே உடைந்தால் என்னாகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

தருமபுரி உலை:

வாக்குவம் உலைகளில் வெப்பப் பதப்படுத்தலும் பிரேசிங்கும் செய்து அனுபவம் உள்ளவன் நான். தகட்டையே இங்கே உருவாக்க முடியாதா என்பது என் ஆசை. சிலிக்கானை உருக்கி உள்ளே ஊறவிடும் முறை ஒன்று உண்டென்று படித்திருக்கிறேன். நம்மிடமுள்ள உலைகள் அதற்குப் போதுமா?

தேன்கனிக்கோட்டையான்:

அண்ணா, அந்த முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பூச்சுப் பூசிய டோவைச் சிலிக்கான் கார்பைடு, கார்பன் தூள்களும் பிசினும் கலந்த குழம்பின் வழியே இழுத்து, உருளையில் சுற்றி, ஒரே திசை இழை கொண்ட நாடாவாக எடுப்பார்கள். நாடாவை வெட்டி, வரைபடம் சொல்லும் கோணங்களில் அடுக்கி, ஆட்டோகிளேவ் என்ற சூடான அழுத்தக் கலனில் இறுக்குவார்கள். பிறகு பிசினை எரித்துக் கார்பனாக்கினால் நுண்துளைகள் நிறைந்த ஒரு கூடு கிடைக்கும். சிலிக்கான் 1,414 பாகையில் உருகும். அதற்கு மேலே வாக்குவத்தில் வைத்தால் உருகிய சிலிக்கான் அந்தக் கூட்டுக்குள் தானாகவே ஏறி, கார்பனோடு வினைபுரிந்து சிலிக்கான் கார்பைடாகிறது. மிஞ்சியது சிலிக்கானாகவே உறைகிறது. நன்றாகச் செய்தால் நுண்துளை 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அளவும் ஏறக்குறைய மாறாது. டூல்ரூம்காரரைப் போன்ற கிரைண்டிங்காரர்களுக்கு அது பெரிய உதவி.

இனி உங்கள் உலை. பிரேசிங் உலைகள் பெரும்பாலும் 1,300 பாகை அளவில் நின்றுவிடும். இங்கே 1,420க்கு மேல் வேண்டும். சரி, வெப்பம் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உருகிய சிலிக்கான் கிராஃபைட்டைக் கண்டால் விடாது. தகட்டைத் தாங்கும் ஃபிக்ஸ்சர்களுக்கெல்லாம் போரான் நைட்ரைடு மெழுகித்தான் ஏற்ற வேண்டும். சிலிக்கான் ஆவி உலையின் கிராஃபைட் ஹீட்டரிலும் காப்புறையிலும் படிந்து அவற்றையும் மெல்ல மெல்லக் கார்பைடாக்கிவிடும். அதன்பின் அதே உலையில் விமானத் துறைக்குப் பிரேசிங் செய்ய முடியாது. தனி உலையே வேண்டும். உறையும்போது சிலிக்கான் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விரிவதால் தகட்டின் மேல் வெள்ளிநிற முத்துகளாகக் கசிந்து நிற்கும் காட்சியை ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். அந்த முத்துகளை உடைத்து எடுப்பதும் கிரைண்டிங் வேலைதான்.

இதெல்லாம் பிற்பாடு. உண்மையான தடை அதற்கு முன்பே இருக்கிறது. போரான் நைட்ரைடைப் பூச, போரான் டிரைகுளோரைடையும் அம்மோனியாவையும் உலையில் ஒன்றோடொன்று வினைபுரிய விடுகிறார்கள். நச்சு வாயுக்களைக் கையாளும் ஏற்பாடும், வெளியேறும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியைக் காரத்தில் கழுவும் ஸ்கிரப்பரும், அவற்றுக்கான மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும் வேண்டும். இவற்றைக்கூடப் பணம் போட்டு அமைத்துவிடலாம். ஐந்நூறு இழை கொண்ட டோவின் நடுவிலுள்ள இழைக்கும் ஓரத்திலுள்ள இழைக்கும் பூச்சு ஒரே தடிமனில் விழ வேண்டும் என்பதுதான் கடினம். அந்த வித்தையை நிறுவனங்கள் வெளியே சொல்வதில்லை. என் கணிப்பில், இந்தப் பொருளின் தொழில்நுட்ப மதிப்பில் பாதி அந்த ஒரு மைக்ரானில் இருக்கிறது.

வாயுவாலேயே பிணைபொருளையும் வளர்க்கும் முறை ஒன்று உண்டு. மீத்தைல் டிரைகுளோரோசிலேனை ஆயிரம் பாகை அளவில் சிதைய விடுவார்கள். வாரக்கணக்கில் உலை ஓட வேண்டும். பத்து விழுக்காட்டுக்கு மேல் துளையும் மிஞ்சும். ஆனால் மிஞ்சிய சிலிக்கான் இல்லாததால் வெப்பம் தாங்குவதில் அது ஒரு படி மேல். பாலிமரை ஊறவைத்துச் சுட்டு, மறுபடி ஊறவைத்துச் சுடும் மூன்றாவது முறைக்கு எளிய உலையே போதும் என்றாலும் அதைப் பல முறை திரும்பச் செய்ய வேண்டும்.

காவேரிப்பட்டினம் ஓய்வுபெற்றவர்:

எஞ்சின் பழுதுபார்க்கும் துறையில் நீண்ட காலம் இருந்தவன். இளைஞர்களின் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. ஆனாலும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. சிலிக்கான் கார்பைடு இழையைத் துரத்துவதைவிட ஆக்சைடு இழை, ஆக்சைடு பிணைபொருள் வழியே நம் பகுதிக்குப் பொருந்தும். அலுமினா ஏற்கெனவே ஆக்சைடு. மேலும் ஆக்சிஜனேற்றம் என்ற பேச்சே இல்லை. போரான் நைட்ரைடும் வேண்டாம். பிணைபொருளை வேண்டுமென்றே துளையுள்ளதாக விட்டாலே விரிசல் திசைமாறிவிடுகிறது. சாதாரணக் காற்றுள்ள உலையில் ஏறத்தாழ 1,200 பாகையில் சுடலாம். ஜிஇ நிறுவனத்தின் பாஸ்போர்ட் எஞ்சினில் வெளியேற்றப் பகுதியில் வாயுக்களைக் கலக்கும் மிக்சரும் நடுக்கூம்பும் இந்த வகைதான். ஓசூரில் அலுமினாப் பீங்கான் தொழிலைக் கையில் எடுத்துப் பழகிய தொழிலாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். கைக்கு எட்டுவதை விட்டுவிட்டு எட்டாததைத் தேடுவானேன்?

தேன்கனிக்கோட்டையான்:

ஐயா, இரண்டு இடங்களில் உங்களோடு உடன்படுகிறேன், ஓரிடத்தில் இல்லை. உலையும் உழைப்புத் திறனும் நம்மிடம் இருக்கின்றன என்பது சரி. பூச்சின் தொல்லை இல்லை என்பதும் சரி. ஆனால் அந்தப் பொருள் நெடுங்காலத்திற்கு ஆயிரம், ஆயிரத்து நூறு பாகைக்கு மேல் நிற்காது. அதற்கு மேல் இழையின் படிகங்கள் வளர்ந்து வலிமை குறையும், சுமையில் மெல்ல நீளவும் தொடங்கும். ஆகவே அது வெளியேற்றப் பகுதிக்கு உரியது. டர்பைன் ஷ்ரவுடின் இடத்தை அது நிரப்பாது. அடுக்குகளுக்கிடையே பிடிப்பும் குறைவு. இழையோ அங்கும் இறக்குமதிதான். ஓசூருக்கு அது இரண்டாவது படியாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்போது டூல்ரூம்காரர் கையில் இருப்பது வேறு வரைபடம் அல்லவா?

நம் நாட்டின் நிலையையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். 2024 ஏப்ரலில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், பிஎஸ்எல்வியின் நான்காம் கட்டத்திற்கான நாசிலின் விரிபகுதியைக் கார்பன்-கார்பன் கூட்டுப்பொருளில் செய்து காட்டியது. ஆக்சிஜனைத் தடுக்க அதன் மேல் சிலிக்கான் கார்பைடு பூச்சு இருக்கிறது. ராக்கெட் நாசில் சில நிமிடங்கள் உழைத்தால் போதும். விமான ஷ்ரவுடு பல்லாயிரம் மணி நேரம் உழைக்க வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்றாலும், சுடுதல், ஊறவிடுதல், பூசுதல் ஆகியவற்றில் நாட்டுக்குள் கைப்பழக்கம் இருக்கிறது என்பதற்கு அது சான்று.

ஓசூர் டூல்ரூம்:

மிக்க நன்றி. வாடிக்கையாளர் தந்த மாதிரித் துண்டு ஒன்றில் வெட்டிப் பார்த்தோம். அலுமினாவுக்கு வைத்திருந்த அதே ரெசின் பிணைப்பு வைரச் சக்கரத்தைப் போட்டதில், முகம் கண்ணுக்கு வழவழப்பாகவே வந்தது. லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் விஷயம் தெரிகிறது. இழைகள் சக்கரத்தின் ஓட்டத்திற்கு இணையாகக் கிடக்கும் அடுக்குகளில் இழை பாதியாகப் பிளந்து, சில இடங்களில் பெயர்ந்து, வாய்க்கால் போல் பள்ளம் விட்டிருக்கிறது. இழைகள் நேர் எதிரே நிற்கும் அடுக்குகளில் முனைகள் தட்டையாக வெட்டுப்பட்டிருக்கின்றன. சக்கரம் வெளியேறும் ஓரத்தில் மட்டும் கடைசி அடுக்கு சில்லுச் சில்லாகத் தெறித்துவிட்டது. பக்கவாட்டு முகத்தில் மெல்லிய உலோக சீல் செருகுவதற்கு ஒரு குறுகிய காடி வெட்ட வேண்டும்; அங்கே இப்படித் தெறித்தால் என்ன செய்வது?

தரக்கட்டுப்பாடு:

நான் விமானப் பாகங்களின் தரச் சோதனையில் இருக்கிறேன். தெறிப்பைக் குறைக்க வழக்கமான வழி, சக்கரம் வெளியேறும் பக்கத்தில் பலிகொடுக்க ஒரு கிராஃபைட் அல்லது பீங்கான் தகட்டை ஒட்டி, சில்லு அதில் விழும்படி செய்வது. பர்கூர், ஜெகதேவிப் பக்கத்துக் கல் பட்டறைகளில் பாலிஷ் ஸ்லாப்பின் விளிம்பைக் காக்க என்ன செய்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். வைரக் கருவியின் போக்கை அறிந்தவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. ஒட்டும் பசை சாம்பலின்றி எரிந்து போகும் வகையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் கல் பட்டறைக்கு இல்லாத நிபந்தனை. வெட்டின் ஆழத்தைக் குறைத்து, சக்கரத்தை அடிக்கடி டிரெஸ் செய்து கூராக்குங்கள். மழுங்கிய வைரம் வெட்டாது, நசுக்கும். நசுக்கினால் அடுக்குகளுக்கு இடையே உள்விரிசல் ஓடும். அதை லூப்பில் காண முடியாது. எக்ஸ்ரே சிடி, வெப்பப் படமெடுப்பு போன்றவற்றில்தான் தெரியும்.

இன்னொன்று. விமான எஞ்சின் பாகத்தில் முறை ஒருமுறை உறுதியானால் அது உறைந்த முறை. சக்கரத்தின் பிராண்டையோ கூலன்ட்டையோ வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி மாற்ற முடியாது. விமானத் தொழிலின் தர மேலாண்மைக்கான ஏஎஸ் 9100 சான்றிதழ் இல்லாமல் உற்பத்தி ஆர்டர் வராது. இப்போது கேட்டிருப்பது மாதிரித் துண்டுகள் என்பதால் அது இல்லாமலும் தொடங்கலாம். கொட்டேஷனில் அந்தச் செலவையும் காலத்தையும் தனி வரியாகக் காட்டிவிடுங்கள்.

வரைபடத்தைப் பற்றியும் ஒரு சொல். செராமிக் கூட்டுப்பொருள்களும் அவற்றின் இழைகளும், ஆயுதங்களுக்கும் பயன்படக்கூடிய பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் பல நாட்டு உடன்பாடான வாசனார் ஏற்பாட்டின் பட்டியலில் இருக்கின்றன. நம் நாடு 2017இல் அதில் சேர்ந்தது. நம்முடைய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலான ஸ்கோமெட்டும் அதைத் தழுவியே அமைந்திருக்கிறது. தொழில்நுட்ப விவரமும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆகவே அந்த வரைபடத்தின் எந்தப் பகுதியையும் இந்த உரையாடலில் படமாகப் போட வேண்டாம்.

பர்கூர் மாணவி:

நீராவியால் பூச்சு கெடும் என்றீர்கள். எரிந்த வாயுவிலேயே நீராவி இருக்கிறதே, அப்படியென்றால் மேற்பரப்பு எப்படித் தாங்குகிறது?

தேன்கனிக்கோட்டையான்:

தாங்காது என்பதே உண்மை. சிலிக்கான் கார்பைடின் மேல் இயல்பாக உருவாகும் சிலிக்கா அடுக்குதான் அதற்குக் காப்பு. வேகமாகப் பாயும் நீராவி அந்தச் சிலிக்காவைச் சிலிக்கான் ஹைட்ராக்சைடு வாயுவாக மாற்றி அள்ளிக்கொண்டு போகிறது. மறுபடி சிலிக்கா உருவாக, மறுபடி போக, சுவர் நாளுக்கு நாள் மெலியும். இதைத் தடுக்கத்தான் மேலே சூழல் தடுப்புப் பூச்சு போடுகிறார்கள். முதலில் சிலிக்கான் அடுக்கு, அதன் மேல் இட்டெர்பியம் டைசிலிகேட் போன்ற அருமண் சிலிகேட். பிளாஸ்மா ஸ்பிரேயில் போட்டுவிட்டு, மீண்டும் உலையில் வைத்துப் படிகமாக்க வேண்டும். அந்தச் சிலிகேட்டைத் தேர்ந்ததற்குக் காரணம், சூடாகும்போது அது விரியும் அளவு சிலிக்கான் கார்பைடு விரியும் அளவை ஒட்டியிருப்பதுதான். நிக்கல் பாகங்களுக்குப் பூசும் சிர்க்கோனியா இருமடங்கு விரியும். இதில் போட்டால் உரிந்துவிடும்.

நம் நாட்டின் தூசும் மணலும் இந்தப் பூச்சுக்குத் தனித் தொல்லை. 1,200 பாகைக்கு மேல் தூசு கண்ணாடியாக உருகிப் பூச்சைக் கரைக்கும். அதற்கு இன்னும் முழுத் தீர்வு கிட்டவில்லை.

ஓசூர் டூல்ரூம்:

தண்ணீர்ப் பரிசோதனை கேட்டதன் காரணத்தை இன்னும் யாரும் சொல்லவில்லை.

தேன்கனிக்கோட்டையான்:

விட்டுப்போயிற்று. சோடியம் போன்ற கார உப்புகள் சிலிக்காவை இளக்கிவிடும். இளகிய சிலிக்கா வழியாக ஆக்சிஜன் எளிதில் ஊடுருவும். கூலன்ட் வற்றியபின் நுண்துளைகளிலும் இழைமுனைகளிலும் தங்கும் உப்பு, எஞ்சினில் சூடானதும் அந்த வேலையைத் தொடங்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி என்பதை ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் கதை தெரிந்த எவரும் அறிவர், உப்பும் குறைவில்லை. போர்வெல் தண்ணீரில் கூலன்ட் கலந்தால் உங்கள் டங்ஸ்டன் கார்பைடுக்கு ஒன்றும் ஆகாது, இந்தத் தகட்டுக்கு ஆகும். ஆர்ஓ நீரும் போதாது. அயனி நீக்கிய நீரில் கலந்து, இறுதியில் அதே நீரில் அல்ட்ராசோனிக் கழுவல் செய்து, வாக்குவம் அடுப்பில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்துங்கள். உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் எடுக்கும் எடையைப் பதிவேட்டில் எழுதுங்கள். வாடிக்கையாளர் கேட்கும் உலர்த்தல் முறை ஆவணம் என்பது பெரும்பாலும் அந்தப் பதிவேடுதான்.

தருமபுரி உலை:

வாக்குவம் அடுப்பு என்னிடம் இருக்கிறது. எண்ணெய்ப் பம்ப்பை மாற்றிவிட்டு உலர்ப் பம்ப் பொருத்தினால், எண்ணெய் ஆவி தகட்டில் படியாது என்று நினைக்கிறேன். உலர்த்தும் வேலையை நானே ஜாப் ஒர்க்காக எடுத்துக்கொள்ளலாமா?

தரக்கட்டுப்பாடு:

எடுக்கலாம். ஆனால் துண்டுகள் ஓசூரிலிருந்து தருமபுரிக்கு நெடுஞ்சாலையில் பயணிக்கும் நேரம் முழுவதும் ஈரமாகவே இருக்கும் என்பதை யோசியுங்கள். கழுவிய கையோடு அடுப்பில் ஏற்றுவதே முறை. டூல்ரூம்காரர் சிறிய அடுப்பு ஒன்றைத் தம் இடத்திலேயே வைத்துக்கொள்வதும், அதன் வெப்பநிலைச் சமச்சீரைச் சரிபார்த்துச் சான்றளிக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்பதும் நல்லது.

ஓசூர் டூல்ரூம்:

அப்படியே செய்கிறோம். மாதிரித் துண்டுகளுக்கு மட்டும் கொட்டேஷன் அனுப்புகிறோம்; காடிக்குத் தனி விலை, சிடி சோதனை வாடிக்கையாளர் பொறுப்பு, தண்ணீருக்கு அயனி நீக்கும் பிளான்ட் எங்கள் செலவு. அண்ணா, அடுப்பு வந்ததும் அழைக்கிறேன், தெர்மோகப்பிள்களோடு வந்துவிடுங்கள்.